கல்வத்தில் வைத்த பொட்டு

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கொட்டாவிதான் வரும். ஏழு வருஷம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பதில் அது. கேட்கிறவர்களும் பாதியிலேயே செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் சமையலறையில் இருக்கும் கேஸ் லைட்டரைக் காட்டிவிடுவேன். அழுத்தினால் பொறி பறக்கிறதே, உள்ளே ஒரு சின்னப் பீங்கான் துண்டு இருக்கிறது. அதை அழுத்தினால் மின்சாரம் வரும். அதற்கு மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உப்பும். அந்தப் பீங்கானில் பாதிக்கு மேல் ஈயம். ஈயமோ விஷம். ஈயமே இல்லாமல் அதே வேலையைச் செய்யும் பீங்கானைத் தேடி உலகம் முழுக்க எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், அவர்களில் நானும் ஒருத்தி என்று முடித்துவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு இந்த விளக்கமும் வேண்டியதில்லை. "இன்னும் எத்தனை வருஷம் மாவரைக்கப் போறே? ஒரு தோசையாவது வருமா?" என்பார். கிண்டல்தான், ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் மைசூர் அக்ரஹாரத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஒரு கல்லூரியில் மூன்று வகுப்பு இயற்பியல் நடத்திவிட்டு, மத்தியானம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்துக்குப் போய், சாயங்காலம் வரை வெள்ளைப் பொடி அரைத்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர ஆராய்ச்சி மாணவி என்று அடையாள அட்டை சொன்னது. மாணவிக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கால அவகாசத்தை இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. மூன்றாவது முறை தரமாட்டோம் என்று அலுவலகத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். வரும் மார்ச்சுக்கு அடுத்த மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் விழலுக்கு இறைத்த நீர்.

ஆய்வேட்டின் கேள்வி எளியதுதான். ஒரே சரக்கை இரண்டு விதமாகச் செய்தால் உள்ளே என்ன மாறுகிறது? முதலாவது, அரைத்துச் சுடும் முறை. பொட்டாசியம் கார்பனேட், சோடியம் கார்பனேட், நியோபியம் ஆக்சைடு மூன்றையும் நிறுத்துப் போட்டு, அகேட் கல்லில் குடைந்த கல்வத்தில் ஸ்பிரிட் விட்டு மணிக்கணக்காக அரைத்து, உலையில் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் மறுபடியும் சுடவேண்டும். இரண்டாவது, ஜெல் முறை. எல்லாவற்றையும் திரவத்தில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, அந்தக் கூழை எரித்துப் பொடி எடுப்பது. அதில் கல்வத்துக்கு வேலையே இல்லை.

வில்லை முழுவதையும் சேர்த்து அளந்தால் ஒரு சராசரிதான் கிடைக்கும். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் யார் தூங்குகிறார்கள் என்று சொல்லமுடியாது. ஆகவே வில்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். அதற்கு ஊசிமுனை நுண்நோக்கி என்று ஒன்று உண்டு. மிக நுண்ணிய ஊசி ஒன்று துகளின் மேல் உட்கார்ந்து, கொஞ்சம் மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு உப்புகிறது என்று தடவிப் பார்த்துச் சொல்லும். அது மைசூரில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெங்களூரில் மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு நாள் வாங்கவேண்டும். வில்லைகளைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டு, காலை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போய் வருவேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு அட்டெண்டர் இருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்து ராமாபுரத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். ஒப்பந்த வேலை, பத்தாவது வரை படிப்பு. ஆனால் உலையின் சத்தத்தைக் கேட்டே எந்தக் கம்பி போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். எந்தப் பொடி ஈரம் குடிக்கும், எந்தக் குடுவையை எந்த அமிலத்தில் கழுவவேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் என் தமிழில் பாதி கன்னடம் என்று அவர் சிரிப்பார். ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்று நான் சமாளிப்பேன். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு நான் கடைசிவரை மேடம்தான்.

அந்த வருஷம் எதுவும் உருப்படவில்லை. ஆடி மாதத்து ஈரக்காற்றில் கார்பனேட் தண்ணீர் குடித்துக் கட்டி கட்டியாக நின்றது. காயவைத்தாலும் நிறுப்பதற்குள் எடை ஏறியது. இரண்டு தொகுதி வில்லைகள் உலைக்குள் விரிசல் விட்டு விரிந்தன. மூன்றாவது தொகுதி உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. பிறகு உலையே படுத்துவிட்டது. ஜெல் முறை வில்லைகள் எப்படியோ சமர்த்தாக வந்துவிட்டன. அரைத்த முறையில் மட்டும் அளந்து பார்க்கத் தகுந்த ஒரு வில்லைகூட என் கையில் இல்லை. ஒப்பிட இரண்டு வேண்டும், என்னிடம் ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் மாவு கிரைண்டர் ஓடும் சத்தம்கூட எரிச்சலாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆய்வகப் படிகளில் ஏறப் பிடிக்காமல் வாகன நிறுத்தத்திலேயே கால்மணி நேரம் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

அப்போதுதான் தசரா வந்தது. எங்கள் தெரு ஆஞ்சநேயருக்குச் செந்தூரக் காப்பு சாத்தவேண்டும் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். செந்தூரம் வாங்கி வரும் வேலை எனக்கு. மண்டி மொஹல்லாவின் சந்து ஒன்றில், ஆட்டோவும் ஸ்கூட்டரும் இடித்துக்கொள்ளும் இடத்தில், பூஜைச் சாமான் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். கையில் வாங்கியதும் இவ்வளவு சின்னப் பொட்டலம் இவ்வளவு கனமா என்று தோன்றியது. அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டேன். ஈயத்தைப் பற்றி ஏழு வருஷம் படித்தவள், கையில் ஈயத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். காப்புக்குப் போக மிஞ்சியதை எண்ணெயில் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார் மாமியார். அது என் கைப்பையிலேயே கிடந்தது.

ஆயுத பூஜையன்று ஆய்வகத்தைப் பார்த்தால் அது ஆய்வகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அட்டெண்டர் விடியற்காலையிலேயே வந்து எல்லாவற்றையும் துடைத்து, உலைக்குச் சேவந்தி மாலை, தராசுக்குச் சந்தனம், கணினிக்கு விபூதி, வாசலில் பூசணிக்காய் என்று அமர்க்களப்படுத்திவிடுவார். என் வழிகாட்டியான பேராசிரியரும் வருவார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர், நல்லவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடலைப் பொரி வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அட்டெண்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்வத்துக்கு மட்டும் வெளிப்பக்கத்தில், அடியில், ஒரு சிறு குங்குமப் பொட்டு வைப்பார். உள்ளே வைக்கமாட்டார். விடுமுறை முடிந்து திறக்கும் நாள் காலையில் அந்தப் பொட்டையும் துடைத்து, கல்வத்தையும் குழவியையும் அமிலத்தில் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. பூஜை பூஜைதான், பொடி பொடிதான் என்பது அவர் கணக்கு.

நான்தான் அந்த வருஷம் சும்மா இருக்கவில்லை. கத்திக்கு வெட்டும் இடத்தில் பொட்டு வைப்பார்கள், பேனாவுக்கு முள்ளில் வைப்பார்கள், அப்படியானால் உழைக்கிற இடத்தில்தானே வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கைப்பையில் இருந்த டப்பாவைத் திறந்து, செந்தூரத்தை விரலால் வழித்து, குழவியின் அரைக்கும் முனையில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். கல்வத்தின் குழியிலும் ஒன்று. அவ்வளவு பக்தியுள்ளவள் அல்ல நான். வேறு செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல் செய்தேன்.

விடுமுறை முடிந்து போனபோது அவர் அமிலக் குடுவையோடு கல்வத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். துடைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"இல்லீங்க மேடம், பொடில கலந்துருமுங்க."

"விடுங்கண்ணா, இந்த ஒரு தடவ இருக்கட்டும். உலையில எல்லாம் எரிஞ்சு போயிடும்."

அவர் குழவியின் முனையைக் குனிந்து பார்த்தார். பிறகு சரிங்க என்று குடுவையை எடுத்துக்கொண்டு போனார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் என்றால் நான் சொன்னது ஓரளவுக்குச் சரிதான். செந்தூரம் என்பது வேறு என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அரைக்க அரைக்க வெள்ளைப் பொடி இளம் ஆரஞ்சு நிறமாகி, பிறகு அந்த நிறம் மங்கிப்போனது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அரைத்தேன்.

அந்தத் தொகுதி பிரமாதமாக வந்தது. ஒரு வில்லைகூட விரியவில்லை. கெட்டியாக, தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கும் வில்லைகள். அந்தப் பொடியிலிருந்தே மேலும் மேலும் வில்லைகள் போட்டேன். பெங்களூரில் ஊசியை வைத்துப் பார்த்தபோது, சாதாரணத் துகள்களுக்கு நடுவே அங்கங்கே சில துகள்கள் மட்டும் பல மடங்கு உப்பின. திரையில் இருட்டு நிலத்தில் வெளிச்சத் திட்டுகள். ஜெல் முறை வில்லையில் அப்படி எதுவும் இல்லை, எல்லாம் ஒரே சீராக, மந்தமாக இருந்தது. அரைத்துச் சுடும் பழைய முறை சரக்கைச் சீராகக் கலக்காது, அந்தச் சீரின்மைதான் இந்தத் திட்டுகளை உண்டாக்குகிறது, ஆகவே பழைய முறைக்கு ஒரு தனி நன்மை உண்டு என்று நாலாவது அத்தியாயத்தை எழுதினேன். ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான். பேராசிரியர் முதல்முறையாக என்னை உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். அன்றைக்கு வீட்டுக்காரரிடம், தோசை வந்துவிட்டது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அரைத்த பொடிகளில் அந்தத் திட்டுகள் வரவில்லை. வெயில், ஈரம், புது உலைக்கம்பி என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் சொன்னால் நான் ஏற்றுக்கொள்ளாத காரணங்கள் எல்லாம் எனக்கு நானே சொன்னபோது நியாயமாகப் பட்டன.

மறுவருஷம் தசரா முடிந்து, அந்த அத்தியாயத்தைக் கட்டுரையாக ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தபோது, அந்தத் திட்டுகளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று வரைபடம் எடுத்துக் காட்டும்படி கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. நானே முதலில் செய்திருக்கவேண்டியது. மறுபடி காலை ரயில், மறுபடி மடியில் டப்பா. கருவியை இயக்கிய பெண் தனிமங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, மேடம், உங்கள் மாதிரியின் பேரே ஈயமில்லாதது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். திரையில் ஈயம் இருந்த இடங்கள் மஞ்சளாகத் தெரிந்தன. என் வெளிச்சத் திட்டுகள் இருந்த அதே இடங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

திரும்பி வரும் ரயிலில் மத்தூர் தாண்டும்போதுதான் மண்டி மொஹல்லாப் பொட்டலத்தின் கனம் ஞாபகம் வந்தது. செந்தூரம் என்ற பெயரில் விற்பது பல இடங்களில் ஈய ஆக்சைடுதான் என்று கல்லூரியில் பிள்ளைகளுக்கு நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், என் விஷயத்தில் அது நிஜமாகவே ஆஞ்சநேயர் செந்தூரமாக முடிந்தது. சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார், வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் வரைபடத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அவர் என்னைப் பேசவிடாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, கடைக் குங்குமத்தில் ஈயம் கலப்பார்கள், இது ஆயுத பூஜைக் குங்குமம் என்றார். அத்தனை அனுபவசாலி. அட்டெண்டரை வரச்சொன்னார். அவர் வந்து கதவருகில் நின்றார். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றேன். போன வருஷப் பூஜையில் கல்வத்துக்குப் பொட்டு வைத்தது யார் என்று பேராசிரியர் கன்னடத்தில் கேட்டார்.

அட்டெண்டர் என்னை ஒரு முறை பார்த்தார். ஒரே ஒரு முறைதான். பிறகு, பூஜை எல்லாம் நான்தான் சார் செய்கிறேன் என்றார்.

அதில் பொய் இல்லை. மிச்சத்தை நான் சொல்லட்டும் என்று விட்டார். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பேராசிரியர் பெருமூச்சு விட்டு, படிக்காதவர்கள் கையில் ஆய்வகத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்த நொடியில் எனக்கு வந்தது வெட்கம் அல்ல. அப்பாடா என்று இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதில் எழுதிய மற்றது எதற்கும் அர்த்தமில்லை.

அவரை வேலையைவிட்டு எடுக்கவில்லை. கருத்தரங்கக் கூடத்துக்கு மாற்றினார்கள். நாற்காலி துடைப்பது, மைக் வைப்பது, கூட்டம் நடந்தால் காபி கொடுப்பது. ஆய்வகத்துக்குள் வரக்கூடாது. இனிமேல் ஆய்வகத்தில் பூஜையும் கூடாது.

எனக்கு மீதி இருந்தது நாலு மாதம். கல்வத்தை மூன்று முறை அமிலத்தில் கழுவி, முதலிலிருந்து அரைக்க ஆரம்பித்தேன். தோளில் வலி குத்தியது. உலையின் வெப்பம் ஒருநாள் ஏறியது, ஒருநாள் ஏறவில்லை. அட்டெண்டர் இடத்துக்குப் புதிதாக வந்தவருக்கு அதன் குணம் தெரியவில்லை. ஒருநாள் கருத்தரங்கக் கூடத்து வாசலில் அட்டெண்டரைப் பார்த்தேன். வில்லை விரியாமல் வந்ததா என்று அவராகவே கேட்டார். இரண்டு விரிந்துவிட்டன என்றேன். முதல் மணி நேரம் சூட்டை மெதுவாக ஏற்றச் சொன்னார், மேல் தட்டில் வைக்கவேண்டாம், அங்கே ஒரு பக்கம் சூடு கூடுதல் என்றார். அப்படியே செய்தேன், வில்லை நன்றாக வந்தது. அவர் சொன்ன யோசனையை எடுத்துக்கொண்டேன், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கமான கிண்டல் எதுவும் செய்யவில்லை. "டிகிரி கைக்கு வரட்டும், அப்புறமா சொல்லிக்கோ" என்றார். நானும் அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன் போலிருக்கிறது. சட்டென்று பிடித்துக்கொண்டேன்.

சுத்தமான வில்லைகளை ஊசியின் கீழ் வைத்தபோது உண்மை தெரிந்தது. அரைத்த முறையில் துகள்கள் பெரியவை, ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்பட்டன, சில சற்றுக் கூடுதலாக உப்பின. ஜெல் முறையில் துகள்கள் நைசானவை, எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் வெளிச்சத் திட்டுகள் இல்லை. யாரையும் நிமிர்ந்து உட்காரவைக்காத முடிவு. ஆனாலும் முடிவு. நாலாவது அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பழைய தொகுதியைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரி போடவேண்டியிருந்தது. கல்வத்தில் வெளிப்பொருள் கலந்ததால் முதல் தொகுதி நீக்கப்பட்டது என்று பேராசிரியர் சொல்லிக் கொடுத்தபடி எழுதினேன். கலந்தது, நீக்கப்பட்டது. யார் கலந்தார்கள் என்று அந்த வரியிடம் கேட்டால் அது வாயைத் திறக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. மார்ச் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு மழைக்காலத்தில், அதே கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். முதல் வரிசையில் அவரும் பேராசிரியரும், பின்னால் மாணவர்களும் சில ஆசிரியர்களும், கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர். வழக்கப்படி நான் வாங்கி வந்திருந்த மைசூர்பாகும் போண்டாவும் ஓரத்து மேஜையில் இருந்தன. அதன் பக்கத்தில் காபி ஃபிளாஸ்க்கோடு அட்டெண்டர் நின்றிருந்தார்.

ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முடிக்கப்போகும் நேரத்தில் தேர்வாளர் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வெளிப்பொருள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன பொருள் என்று கேட்டார். ஈயம் என்றேன். ஈயமில்லாத பீங்கான் செய்யும் இடத்தில் ஈயம் எப்படி வந்தது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, இங்கே தசரா பெரிய விசேஷம் பாருங்கள், நம் அட்டெண்டர் கல்வத்துக்கும் பொட்டு வைத்துப் பூஜை செய்துவிட்டார் என்று சிரித்தார். கூடமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்துக்கொண்டு, அவர்தானா என்று ஓரத்து மேஜையைப் பார்த்தார். எல்லாத் தலையும் அங்கே திரும்பியது. அட்டெண்டரும் சிரித்தார். எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அதை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் இல்லை, வைத்தது நான் என்றேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் அட்டெண்டருக்கும் புரியவேண்டும் என்று கன்னடத்துக்கு மாறினேன். அவர் துடைக்க வந்தார், பொடியில் கலந்துவிடும் என்று சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். செந்தூரம் நான் வாங்கியது. நிறம் மாறியதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. பேராசிரியர் என்னைப் பார்க்காமல் ஆய்வேட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஏன் எழுதவில்லை என்று தேர்வாளர் கேட்டார். களைப்பு என்று சொல்ல வாய்வரை வந்தது. அது உண்மையின் பாதிதான். பயம் என்றேன்.

அவர் வெகுநேரம் ஏதோ எழுதினார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் நிமிர்ந்து, அந்த வரியைத் திருத்தி, யார் செய்தது, எப்படி நடந்தது என்று உள்ளபடி எழுதிக் கொடுங்கள், திருத்தத்துக்கு உட்பட்டுப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. எங்கேயாவது உட்காரவேண்டும் போலிருந்தது.

எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். பேராசிரியர் தோளைத் தட்டி, அட்டெண்டரைத் திரும்ப ஆய்வகத்துக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன், புதியவரின் ஒப்பந்தம் வேறு இருக்கிறது என்று இழுத்தார். நான் முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். அட்டெண்டர் தட்டில் காபியோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மன்னித்துவிடுங்கள் அண்ணா என்றேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு சார் ரூம்ல நீங்களுந்தான நின்னீங்க" என்றார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க."

டம்ளரை என் கையில் கொடுத்து, ஆறிவிடும், குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.